பெரும் ஓடை

கண்ணுக்குத்தான் போனேன்.
சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்.

வெள்ளவத்தை, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. லிஃப்ட் இல்லை.
படியேறும்போதே கறுவாவும் ஈரமண்ணும் கலந்தமாதிரி ஒரு வாசம்.
டொக்டர் ஷென் மூன்று விரலை என் மணிக்கட்டில் வைத்து
அடுத்த அறைக் கதையை ஒட்டுக்கேட்பவர்போலத்
தலை சாய்த்திருந்தார்.
பிறகு நாக்கை நீட்டச் சொன்னார்.
முப்பத்தெட்டு வயதில் ஒரு மனிசருக்கு நாக்கை நீட்ட
வெட்கமாகத்தான் இருந்தது. நீட்டினேன்.

அவர் சீனத்தில் சொல்ல
நிமாஷா அதைச் சிங்களத்தில் சொல்ல
நான் தமிழில் எனக்கே சொல்லிக்கொண்டேன்:
கண்ணுக்குக் கீழே கறுப்பு
கண்ணின் குற்றமில்லை.
சிறுநீரகம்தான் உடம்பின் தண்ணீர்.
வற்றினால் கிணற்றின் அடி தெரியும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?
வெள்ளரிக்காய் வட்டங்கள், ஃப்ரிட்ஜில் வைத்த தேக்கரண்டிகள்,
ஆறாயிரம் கொடுத்து வாங்கிய தோல்நிறப் பசை,
காலையில் வீடு திரும்புகையில் கேற்றடிக் காவலாளி
"மிஸ், வீட்டில செத்தவீடா?" என்று கேட்டது,
எல்லாம் தவறான முகவரிக்கு வந்த கடிதங்களா?

பிறகு அவர் நீளமாக ஏதோ சொன்னார்.
இடுப்பில் கை வைத்தார், எடுத்தார், யன்னலைக் காட்டினார்,
பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு
மிச்சத்தைக் குரல் தாழ்த்திச் சொன்னார்.
நிமாஷா ஒரே வரியாக்கினாள்:
பதினொரு மணிக்கு முதல் நித்திரைக்குப் போகட்டாம்.

பதினொன்றிலிருந்து பித்தப்பையின் வேளை.
ஒன்றிலிருந்து ஈரலின் வேளை.
அந்த நேரம் டொராண்டோவில் மத்தியானம்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் சம்பளத்தில்
வரி கழித்து, விடுமுறை கழித்து
நான் நேராக்கிக்கொண்டிருப்பேன்.
அவர்களுடைய ஈரல்கள் நன்றாயிருக்கட்டும்.

ஊசி கண்ணருகே வரவேயில்லை.
உட்கணுக்காலின் பின்னே, எலும்புக்கும் நரம்புக்கும் நடுவில்
ஒரு பள்ளம். அதற்குப் பெரும் ஓடை என்று பெயராம்.
உள்ளங்காலின் நடுவே பொங்கும் ஊற்று.
இத்தனை தண்ணீரையும் வைத்துக்கொண்டா
நான் நூறாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்?

இருபது நிமிடம் அசையக்கூடாது.
திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர்
காசு கொடுத்ததற்கு மேலாகக் குறட்டை விட்டார்.
கடலோரம் மொறட்டுவை ரயில் போனது;
கட்டில் அதிர, கணுக்காலில் ஊசிகள்
புல்லைப்போல ஆடின.
எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஊசி வலித்தது.

பில் போடும் இடத்தில்
கறுப்பு எள்ளு, வாதுமை, சிவப்பாய் உலர்ந்த சின்னப் பழங்கள்.
மின்விசிறி ஓடவில்லை. நிமாஷா டிஷுவால்
முகத்தை ஒற்றினாள்; டிஷுவோடு பசையும் வந்தது.
கண்ணுக்குக் கீழே இரண்டு நாவற்பழக் கறை.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"அவர் நிறையச் சொன்னாரே?" என்றேன் சிங்களத்தில்.
"பயம் என்றார்," என்றாள்.
"சிறுநீரகத்தில்தான் பயம் தங்குமாம்.
எதுக்குப் பயம் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்."
"ஏன் கேட்கவில்லை?"
லாச்சியைத் தள்ளி மூடினாள்.
"நீங்கள் என்னைத் திருப்பிக் கேட்டிருந்தால்?"

மூவாயிரத்து ஐந்நூறு. மிச்சக் காசை
இருவருமே எண்ணவில்லை.

அன்றிரவு மேசைக்குக் கீழே பேசின்,
சுடுதண்ணீர், உப்பு, இரண்டு பாதங்கள்.
மேலே திரையில் ஒன்ராறியோவின் பெயர்கள்
அகர வரிசையில்.
ஊற்று பொங்கியதா, தெரியவில்லை.
பித்தப்பை தன் வேளைக்கு வந்துவிட்டுப் போயிற்று.
ஈரலும் வந்தது.
தண்ணீர் எப்போதோ ஆறிவிட்டது.
காலை எடுக்கவில்லை நான்;
நாலாம் பக்கத்தில்
ஒரு சதம் உதைத்துக்கொண்டிருந்தது.